இடது கை டாக்டர்

மேபல் டான்ஸ்லி அந்தத் தபால் அட்டையை மேஜை மேல் அறைந்த வேகத்தில் என் தேநீர் துள்ளி ரொட்டியின் மேல் விழுந்தது.

"பாருங்க மிஸ் பெங்கெல்லி. என் தங்கச்சியை என்ன கோலத்துல போட்டிருக்கானுங்கன்னு பாருங்க."

ஹெஸ்டர் பெங்கெல்லி என் முதலாளி. லண்டனில் துப்பறியும் தொழில் செய்யும் பெண். நான் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவேன். நான் லோட்டி ஸ்டப்ஸ், அவருடைய உதவியாள். எனக்கு வாய் நீளம் என்று என்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். சொல்லாதவர்கள் இன்னும் என்னோடு பேசிப் பார்க்காதவர்கள்.

மிஸ் அட்டையைக் கையில் எடுத்தார். அந்த வருஷம் எந்தக் கடை ஜன்னலைப் பார்த்தாலும் இந்த மாதிரி அட்டைதான். பெண்களுக்கும் ஓட்டுரிமை வேண்டும் என்று போராடி ஜெயிலுக்குப் போன பெண்களைக் கேலி செய்து படம் போடுவது, கடற்கரைக்குப் போகிறவர்கள் அதை வாங்கி அத்தைக்கும் மாமாவுக்கும் அனுப்பிச் சிரிப்பது. இந்த அட்டையில் ஒரு சிறை அறை. கட்டிலில் அம்புக்குறி போட்ட கைதி கவுனோடு ஒரு பெண், வாத்து மூக்கு, வரிசை தப்பிய பல். புல்டாக் மாதிரி இரண்டு வார்டர் பெண்கள் அவள் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு காலில் செருப்பில்லை, அந்தக் காலை அவளுடைய காலுறையாலேயே கட்டிலோடு கட்டியிருக்கிறார்கள். டாக்டர் ஒருவர் புனலும் குழாயுமாக மேலே நின்று கஞ்சி ஊற்றுகிறார். கீழே அச்செழுத்தில், "ஓட்டுக்குத் திறக்கும் வாய் கஞ்சிக்குத் திறக்காதா?"

சிரிக்க வேண்டுமாம்.

அந்த வாத்து மூக்குப் பெண் ஐவி டான்ஸ்லி. மந்திரி வீட்டு ஜன்னலைக் கல்லால் அடித்துவிட்டு ஜெயிலுக்குப் போனவள். உள்ளே உண்ணாவிரதம் இருந்தாள். வலுக்கட்டாயமாகக் குழாய் விட்டார்கள். குழாய் வயிற்றுக்குப் போவதற்குப் பதில் நுரையீரலுக்குப் போனது. பாதி உயிராக வீட்டுக்கு அனுப்பினார்கள், மீதி உயிர் அக்காவின் மடியில் போனது.

"நேத்து ஐவி சாவு விசாரணையில ஜெயில் வக்கீல் இந்த அட்டையைத் தூக்கிக் காட்டினான் மிஸ்" என்றாள் மேபல். தொப்பிக் கடையில் தையல் வேலை செய்கிறவள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "ஐவியோட கணுக்கால்ல கட்டுன தழும்பு இருந்துச்சுன்னு நான் சாட்சி சொன்னேன் இல்ல, அதைப் பிடிச்சுக்கிட்டான். 'இந்தப் படத்துலயும் கால் கட்டியிருக்கு, அப்போ இதை வரைஞ்சவன் நேர்ல பார்த்தவன்தான். நல்லாப் பாருங்க, டாக்டர் எந்தக் கையால ஊத்துறார்? இடது கையால'ன்னான்."

"ஜெயில்ல இடது கை டாக்டர் யாரு?" என்று கேட்டேன்.

"கிழவர் லார்ன். ஈஸ்டருக்கே செத்துப் போயிட்டார்."

"வசதியான ஆளு. செத்தவர் எழுந்து வந்து மறுக்க மாட்டார்."

"இருக்குறதே ரெண்டு டாக்டர்தான்" என்றாள் மேபல். "இன்னொருத்தன் ஹாடோ. சின்ன வயசு. அன்னைக்கு லீவுல இருந்தேன், அந்த ரூம் பக்கமே போகலைன்னு சொல்றான். ஆனா ஐவி சாகுறதுக்கு முன்னாடி நான் கேட்டேன் மிஸ். குரல் இல்ல அவளுக்கு. 'கிழவனா உனக்கு இப்படிப் பண்ணினது?'ன்னு கேட்டேன். இல்லைன்னு தலையாட்டினா. திருப்பித் திருப்பிக் கேட்டேன், திருப்பித் திருப்பி இல்லைன்னா. செத்தவ தலையாட்டினது சாட்சி ஆகாதாம். இன்னைக்குச் சாயங்காலத்தோட விசாரணை முடியுது. லார்ன் பேரை எழுதி மூடிடுவாங்க. ஹாடோவுக்குப் பெரிய ஜெயிலுக்குப் பதவி உயர்வு ரெடியா இருக்கு."

அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. அழுகையால் இல்லை, ஆத்திரத்தால்.

"அவன் பேரை அந்த விசாரணை மண்டபத்துல எல்லார் காதுலயும் விழுற மாதிரி ஒருத்தராவது சொல்லணும். அது போதும் எனக்கு."

 மிஸ்ஸுக்கு மேல் வரிசையில் முன்பற்கள் கிடையாது. அவரும் ஒரு தடவை ஜன்னல் உடைத்து உள்ளே போனவர்தான். வாயைத் திறக்க இரும்புக் கவ்வி போட்டபோது உடைந்தவை. கட்டுப்பல் வைத்திருக்கிறார், ஆனால் பொய் சொல்ல வேண்டிய வேலைக்குப் போகும்போதுதான் மாட்டுவார்.

"என் வாயை உடைச்சவன் பேரு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது மேபல்" என்றார். "உனக்காவது தெரியட்டும்."

நான் அட்டையை வாங்கிப் பார்த்தேன். கோபம் வந்தால் எனக்கு நக்கல்தான் வரும், வேறு எதுவும் வராது.

"வரைஞ்சவன் சரியான அரைகுறை மிஸ். டாக்டரைப் பாருங்க, கோட்டுப் பொத்தான் பொம்பளைங்க கோட்டு மாதிரி இந்தப் பக்கம் இருக்கு. அவசரத்துல பொண்டாட்டி கோட்டை மாட்டிக்கிட்டு வந்துட்டார் போல."

"அது மட்டுமா?" என்றாள் மேபல். "ஐவிக்கு இடது காதுக்குக் கீழ சிவப்பு மச்சம். அந்தப் பாவி அதைக்கூட வலது பக்கம் போட்டிருக்கான்."

"இதுல இன்னொரு கூத்து. எல்லாரையும் அசிங்கமா வரைஞ்சுட்டு டாக்டரை மட்டும் மாப்பிள்ளை மாதிரி வரைஞ்சிருக்கான். மூக்கைப் பாருங்க, மீசையைப் பாருங்க. அவரைப் பெத்த அம்மாதான் உட்கார்ந்து வரைஞ்சிருக்கணும்."

மிஸ் என் கையிலிருந்து அட்டையைப் பிடுங்கினார்.

"பொத்தான் தப்பு. மச்சம் தப்பு" என்றார் மெதுவாக. "லோட்டி, அரைகுறை ஆளு பத்து விதமாத் தப்புப் பண்ணுவான். இவன் எல்லாத்தையும் ஒரே விதமாத் தப்பாப் போட்டிருக்கான்."

எழுந்து போய் கணப்பின் மேலிருந்த கண்ணாடி முன்னால் அட்டையைப் பிடித்தார். நாங்கள் இரண்டு பேரும் அவர் தோளுக்குப் பின்னால் நின்று கண்ணாடியைப் பார்த்தோம்.

கண்ணாடியில் பொத்தான் ஆண்கள் கோட்டில் இருக்க வேண்டிய பக்கம் வந்திருந்தது. மச்சம் ஐவியின் இடது காதுக்குக் கீழே வந்திருந்தது. டாக்டரின் புனல் வலது கையில் இருந்தது.

மேபல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"கல்லுல வரைஞ்சு அச்சடிச்ச படம் இது" என்றார் மிஸ். "கல்லுல எப்படி இருக்கோ, காகிதத்துல அதுக்கு நேர் எதிராத்தான் விழும். தொழில் தெரிஞ்சவன் கல்லுலயே திருப்பிப் போட்டு வரைவான். இவன் தெரியாம நேரா வரைஞ்சுட்டான். வலது இடதாயிடுச்சு."

"அப்போ இப்பவே போய் விசாரணைத் தலைவர் முன்னாடி ஒரு கண்ணாடியைக் காட்டலாமே" என்றேன்.

"காட்டினா வக்கீல் என்ன சொல்லுவான்? 'மூணு பெண்கள் கண்ணாடி முன்னாடி நின்னு அழகு பார்த்துட்டு வந்திருக்காங்க'ம்பான். கல்லு வேணும். கல்லுல வரைஞ்ச ஆளும் வேணும்." இழுப்பறையைத் திறந்து கட்டுப்பல்லை எடுத்து மாட்டினார். "மேபல், நீ மண்டபத்துக்குப் போ. செத்தவளோட சொந்தக்காரிங்கிற முறையில உனக்குக் கேள்வி கேட்க உரிமை இருக்கு. ஹாடோகிட்ட அட்டையைப் பத்தியே கேளு. பொய்னு மட்டும் சொல்லாதே. உண்மை, உண்மைன்னு அவன் வாயால சொல்ல வை. நாங்க வர்ற வரைக்கும் அவனை விடாதே."

"லேட்டாயிட்டா?"

"ஆகாது" என்றார் மிஸ், தொப்பியைத் தேடிக்கொண்டே.

அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சகத்தின் விலாசம் இருந்தது. கிளார்க்கன்வெல்லில் ஒரு சந்து. போகும் வழியிலேயே மிஸ் தன் கோட்டில் ரோஜா நிறப் பட்டை ஒன்றைக் குத்திக்கொண்டார். பெண்களுக்கு ஓட்டு வேண்டாம் என்று சங்கம் வைத்திருக்கும் சீமாட்டிகள் குத்திக்கொள்வது. எனக்கும் ஒன்று கொடுத்தார்.

"எனக்கு எதுக்கு மிஸ்? என் மூஞ்சியைப் பார்த்தா சீமாட்டின்னு நம்புவாங்களா?"

"சீமாட்டியோட வேலைக்காரின்னு நம்புவாங்க. வாயை மூடிட்டு வா."

அச்சகத்துக்காரர் ஒபடையா பெக். உருண்டையான மனிதர், மை படிந்த ஏப்ரன், ரோஜாப் பட்டையைப் பார்த்ததும் வாயெல்லாம் பல். ஜன்னலில் மாமியார் அட்டை, குடிகாரப் பாதிரியார் அட்டை, குளிக்கிற குண்டு அம்மாள் அட்டை, அதற்கு நடுவில் ஐவி.

"வாங்கம்மா, வாங்க. உங்க சங்கத்துக்காரங்கதான் நம்ம கடைக்கு வாழ்வே. எது பிடிச்சிருக்கு?"

மிஸ் ஐவியைக் காட்டினார். "இது. லண்டன் பூரா இதைப் பத்தித்தான் பேச்சு, மிஸ்டர் பெக்."

"அப்படியா" என்று பெக் பூரித்துப்போனார். "எனக்குத் தெரியும் இது ஓடும்னு. மத்த படமெல்லாம் நம்ம ஆளு போட்டது. இது ஒரு பெரிய மனுஷர் பொழுதுபோக்குக்காகப் போட்டது. கல்லுலயே நான்தான் வரைவேன்னு அடம் பிடிச்சு இங்கயே உட்கார்ந்து வரைஞ்சாரு. என் சம்சாரம் டீ போட்டுக் குடுத்தா. நண்பர்களுக்குக் குடுக்கணும்னு ஒரு கட்டு வாங்கிட்டும் போனாரு."

"கல்லு இருக்கா இன்னும்?"

"இருக்கு. இப்போ தேய்ச்சுடுவோம். கல்லு விக்கிற விலையில ஒரே படத்தை எத்தனை நாள் வச்சிருக்க முடியும்? தேய்ச்சுட்டு குளிக்கிற அம்மா படம் போடப் போறோம்."

பின்கட்டுக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு பெஞ்சின் மேல் கற்கள் அடுக்கியிருந்தன. ஒரு ஆள் இரண்டு கற்களை மணலும் தண்ணீரும் விட்டு ஒன்றன் மேல் ஒன்று தேய்த்துக்கொண்டிருந்தான். அடுத்து எடுக்க வாட்டமாக, கைக்கெட்டும் தூரத்தில், வெண்ணெய் நிறத்தில் ஒரு கனத்த கல். அதில் ஐவி.

கல்லில் மச்சம் இடது பக்கம் இருந்தது. டாக்டர் வலது கையால் ஊற்றிக்கொண்டிருந்தார். கண்ணாடியில் பார்த்தது ஒன்று, அந்தப் பாவியின் கை பட்ட கல்லையே நேரில் பார்ப்பது வேறு.  தேய்க்கிற ஆள் முடித்த கல்லை இறக்கி வைத்துவிட்டு இந்தக் கல்லுக்குக் கை நீட்டினான்.

நான் அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏம்மா, அது அச்சுக்கல்லு" என்றார் பெக்.

"தலை சுத்துது சார்" என்றேன். "உங்க படத்தைப் பார்த்துச் சிரிச்சுச் சிரிச்சு."

மிஸ் என்னைப் பார்த்த பார்வையில் இரண்டு நாள் சம்பளம் போகும் என்று தெரிந்தது. ஆனால் கல் தப்பித்தது.

"மிஸ்டர் பெக், வலமெல்லாம் இடமா விழுந்திருக்கே, நீங்க சொல்லலையா அவர்கிட்ட?"

"சொன்னேன்மா. முதல் காகிதம் வந்ததுமே சொன்னேன். சிரிச்சாரு. 'கேலிப் படத்துல எந்தக் கைன்னு எவன் பார்க்கப் போறான்'னாரு. கீழ இருக்குற எழுத்து மட்டும் நாங்க தனியாக் கோத்தது, அதனால அது நேரா இருக்கு."

"அவர் பேரு?"

"பேரு சொல்லலை. இந்த மாதிரி பெரிய மனுஷங்க பேரு சொல்ல மாட்டாங்க. ஆனா முகம் மறக்குமா? சவர சோப்பு விளம்பரத்துல வர்ற முகம்."

மிஸ் கையுறையைச் சரி செய்துகொண்டார். கட்டுப்பல் மின்னச் சிரித்தார்.

"மிஸ்டர் பெக், இன்னைக்கு மூணு மணிக்கு ஒரு கூட்டம். பெரிய நீதிபதி ஒருத்தர் தலைமை. பத்திரிகைக்காரங்க எல்லாரும் வர்றாங்க. இந்தப் படத்தைப் பத்தித்தான் பேசப் போறாங்க. இதை வரைஞ்சவரும் முன்னாடி உட்கார்ந்திருப்பார்னு நினைக்கிறேன். கல்லோட நீங்க வந்தா ரொம்பச் சந்தோஷப்படுவாங்க."

பெக் ஏப்ரனைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். "நானா? நீதிபதி முன்னாடியா? அடியே, என் ஞாயித்துக்கிழமைத் தொப்பி எங்க?"

மிஸ் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கல்லைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பெக்கின் சம்சாரம் முணுமுணுத்துக்கொண்டே குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு குழந்தை வண்டியைக் கொடுத்தாள். கல்லைப் படுக்கவைத்துப் போர்வை போர்த்தினோம். நான் தள்ளினேன். என் கவுனின் பின்பக்கம் டாக்டரின் மீசை அச்சாகியிருந்தது என்று மிஸ் அப்போதுதான் சொன்னார்.

"அது போகட்டும் மிஸ்" என்றேன் பெக்குக்குக் கேட்காத குரலில். "வரைஞ்சவர் முன்னாடி உட்கார்ந்திருப்பார்னு சொன்னீங்களே. யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"காலையில நீதானே சொன்னே."

"நானா? நான் என்ன சொன்னேன்?"

"தள்ளு, தள்ளு. மணியாகுது."

மண்டபத்துப் படிக்கட்டில் ஒரு போலீஸ்காரர் நின்றார். ஓட்டுரிமை கேட்கும் பெண்களை அந்தப் படியிலிருந்து இழுத்துக்கொண்டு போகத்தான் அவரை நிறுத்தியிருந்தார்கள். எங்கள் ரோஜாப் பட்டையைப் பார்த்துவிட்டுத் தொப்பியைத் தொட்டு வணங்கி, வண்டியின் முன்பக்கத்தை அவரே பிடித்துத் தூக்கினார்.

"அம்மாடி, என்ன கனம். குழந்தைக்கு என்னம்மா போடுறீங்க?"

"கல்லு" என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே கடைசிப் படி வரைக்கும் தூக்கி விட்டார். ஐவியின் வழக்குக்கு அதுவரை போலீஸ் செய்த ஒரே உதவி அதுதான்.

மிஸ் பெக்கை வாசல் தூணுக்குப் பின்னால் நிறுத்தினார். "கூப்பிடும்போது வாங்க" என்றார். ரோஜாப் பட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டார். கட்டுப்பல்லையும் கழற்றினார்.

உள்ளே கூட்டம் நெரிந்தது. மேடையில் விசாரணைத் தலைவர் சர் ஆம்ப்ரோஸ் வீல், தூங்குகிற மாதிரி முகம். சாட்சிக் கூண்டில் டாக்டர் பெர்சிவல் ஹாடோ. நான் அவனை அதுவரை பார்த்ததில்லை. பார்த்ததும் காலையில் நான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. 

மேபல் கையில் அட்டையோடு நின்றிருந்தாள். தொப்பிக் கடைத் தையல்காரி, எதிரே ஜெயில் டாக்டர், வக்கீல், பைபிள். குரல் நடுங்கவில்லை.

"இந்தப் படத்துல இருக்குறது உண்மைன்னு ஒத்துக்கறீங்களா டாக்டர்?"

"கேலிப் படம் மேடம். வருத்தமாத்தான் இருக்கு" என்றான் ஹாடோ. இழைத்து இழைத்துப் பேசினான். "ஆனா முக்கியமான விஷயத்துல உண்மைன்னுதான் நானும் நினைக்கிறேன். வரைஞ்சவங்க நேர்ல பார்த்திருக்கணும்."

"வரைஞ்சவங்க அந்த ரூமுக்குள்ள இருந்திருக்காங்க. அப்படித்தானே?"

"கண்டிப்பா. கால் கட்டினது, படுக்கையைச் சுருட்டி வச்சிருக்குற விதம், இதெல்லாம் வெளியாளுக்குத் தெரியாது."

"நீங்க ரூமுக்குள்ள இல்லை."

"சத்தியம் பண்ணிச் சொல்லிட்டேனே. அன்னைக்கு நான் லீவு. அந்த அறையைக் கண்ணால பார்த்ததில்லை."

"அப்போ ஊத்தினது?"

"இறந்தவரைப் பத்திக் குறை சொல்ல மனசு வரலை. டாக்டர் லார்ன் நல்ல மனுஷர். வயசாயிடுச்சு, கை நடுக்கம். அவர் இடது கைப் பழக்கம் ஊருக்கே தெரியும். படம் பொய் சொல்லலையே மேடம்."

வக்கீல் திருப்தியாகத் தலையாட்டினார். சர் ஆம்ப்ரோஸ் பேனாவை எடுத்தார். எழுதி மூடத்தான். மேபல் கூட்டத்தில் எங்களைத் தேடினாள். கேள் என்பதுபோல மிஸ் தலையை அசைத்தார்.

"கடைசியா ஒண்ணு" என்றாள் மேபல். "உங்களுக்குப் படம் வரைய வருமா டாக்டர்?"

"எனக்கா?" ஹாடோ சிரித்தான். "ஒரு கோடு நேராப் போட வராது."

மிஸ் வாசல் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினார்.

பெக் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு, குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடுவழியில் வந்தார். ஜனங்கள் விலகி வழிவிட்டார்கள். பாதி தூரம் வந்ததும் கூண்டைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. தொப்பியைக் கழற்றினார்.

"சார், நீங்க இங்கதான் இருக்கீங்களா. உங்க கல்லைப் பத்திரமாக் கொண்டு வந்துட்டேன் சார். ஒரு கீறல் இல்ல."

ஜனங்கள் எழுந்து கூண்டைப் பார்த்தார்கள்.

"யார் இவர்?" என்றார் சர் ஆம்ப்ரோஸ்.

"ஒபடையா பெக், அச்சகம், கிளார்க்கன்வெல்" என்றார் பெக் குனிந்து வணங்கி. "ஐயா, அந்தப் படம் நம்ம கடையிலதான் அடிச்சது. வரைஞ்சது இந்த சார். என்ன கை ஐயா அவருக்கு."

"இந்த ஆளை நான் பார்த்ததே இல்லை" என்றான் ஹாடோ.

பெக்கின் முகம் வாடியது. நிஜமாகவே மனசு புண்பட்டுவிட்டது அவருக்கு. "என்ன சார் இப்படிச் சொல்றீங்க. குளிர் காலத்துல என் கடையில ரெண்டு நாள் உட்கார்ந்து வரைஞ்சீங்க. என் சம்சாரம் டீ குடுத்தா, சர்க்கரை பத்தலைன்னீங்க. கை மாறி விழுந்திருக்குன்னு நான் சொன்னப்போ எவன் பார்க்கப் போறான்னு சிரிச்சீங்களே."

"கை மாறியா?" என்றார் சர் ஆம்ப்ரோஸ். தூக்கம் போயிருந்தது.

"ஆமாங்கய்யா. சார் ஊத்துறது வலது கையால. கல்லுல பாருங்க. காகிதத்துலதான் இடதாத் தெரியும்."

போர்வையை விலக்கினார். சர் ஆம்ப்ரோஸ் மேடையிலிருந்து இறங்கி வந்தார். கல்லைப் பார்த்தார். கல்லில் சிரித்துக்கொண்டு ஊற்றுகிற டாக்டரின் மூக்கைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார். நிமிர்ந்து கூண்டிலிருந்த மூக்கையும் மீசையையும் பார்த்தார். எல்லோரையும் அசிங்கமாக வரைந்த கைக்குத் தன் முகத்தை அசிங்கமாக வரைய மனசு வரவில்லை.

ஹாடோ கூண்டின் விளிம்பைப் பிடித்திருந்த வலது கையை எடுத்துக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். மண்டபம் முழுக்க அதைப் பார்த்தது.

"வரைஞ்சவர் அந்த ரூமுக்குள்ள இருந்திருக்கணும்னு சத்தியம் பண்ணிச் சொன்னது நீங்கதான் டாக்டர்" என்றாள் மேபல். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "என் தங்கச்சி ஐவியைக் கொன்னவன் பேரு பெர்சிவல் ஹாடோ."

யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் சட்டத்தின் வேலை. வக்கீல் பேப்பரைக் கட்டிக்கொண்டு நழுவினார். பொய்ச் சத்தியத்துக்கு வழக்குப் போட உத்தரவானது. கல்லில் இருந்ததை எழுதிக்கொண்டு சர் ஆம்ப்ரோஸ் கல்லைப் பெக்கிடமே திருப்பிக் கொடுத்தார். வாசலில் எங்கள் வண்டியைத் தூக்கிய அதே போலீஸ்காரர் ஹாடோவின் தோளில் கை வைத்தார்.

"தூக்கு கிடைக்குமா?" என்று கேட்டாள் மேபல்.

"கிடைக்காது" என்றார் மிஸ். அவர் பொய் சொல்லும் பல் அப்போது வாயில் இல்லை. "பொய்ச் சத்தியத்துக்கு ஜெயில். கொஞ்ச காலம். டாக்டர் தொழில் போயிடும். ஐவியைக் கொன்னதுக்குன்னு எதுவும் கிடைக்காது."

"கொஞ்ச காலம்" என்று மேபல் திருப்பிச் சொன்னாள். காலையில் பேர் மட்டும் போதும் என்றவள்தான். அது போதவில்லை என்று எனக்கே தெரிந்தது, எனக்கும் போதவில்லை. அவன் வெளியே வருவான், மீசையை முறுக்குவான், வேறு ஊரில் வேறு கதை சொல்வான். ஐவி எங்கே வருவாள்?

பெக் குழந்தை வண்டியின் பக்கத்தில் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றார். என்ன நடந்தது என்று அப்போதுதான் முழுசாகப் புரிந்திருந்தது. "எனக்குத் தெரியாதும்மா. வயித்துப் பொழப்புக்கு அடிச்சேன். நிஜமா ஒரு பொண்ணுன்னு எனக்குத் தெரியாது."

"எல்லாரும் நிஜமான பொண்ணுங்கதான்" என்றாள் மேபல். பிறகு குனிந்து கல்லைத் தொட்டாள். "இதுல இன்னும் அடிக்க முடியுமா?"

"முடியும். ஆனா..."

"உங்க கடைக்குப் போகலாம்."

அச்சகத்தின் பின்கட்டில் கல்லைத் தூக்கி மேஜை மேல் வைத்தோம். படத்தில் ஒரு இடத்தை மட்டும் அழிக்க எதை வைத்துத் தேய்ப்பது என்று மேபல் கேட்டாள். பெக் சுண்டுவிரல் மாதிரி ஒரு தேய்ப்புக் கல்லையும் தண்ணீரையும் கொடுத்தார். நானே செய்கிறேன் என்றார். அவள் கொடுக்கவில்லை.

முதலில் வாத்து மூக்கை அழித்தாள். பிறகு பல்லை, கட்டிய காலை, கைதி கவுனின் அம்புக்குறிகளை. வார்டர் பெண்களையும் விடவில்லை. காதுக்குக் கீழே இருந்த மச்சத்துக்கு வந்ததும் கை நின்றது. மிஸ் அவள் தோளில் கை வைத்தார். மேபல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அதையும் தேய்த்தாள்.

"போதும் ஐவி. நீ வெளிய வந்துடு" என்றாள்.

கல்லில் ஹாடோ மட்டும் மிச்சம் இருந்தான். அழகான மூக்கு, அழகான மீசை, கையில் புனல். சிரித்துக்கொண்டு வெறும் கட்டிலில் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"கீழ என்ன எழுத்து கோக்கணும்?" என்று பெக் கேட்டார்.

"அவன் முழுப் பேரு. அவன் வீட்டுத் தெரு. வேற ஒண்ணும் வேண்டாம்."

பெக் எழுத்துகளைப் பொறுக்கிக் கோத்தார். சம்சாரம் குழந்தையை இறக்கிவிட்டுத் தானே வந்து கல்லில் மை போட்டாள். நான் கவுன் கையை மடித்துவிட்டுக்கொண்டு அச்சு இயந்திரத்தின் கைப்பிடியைப் பிடித்தேன்.

"எத்தனை அடிக்கணும்மா?" என்றார் பெக்.

"நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும்" என்றாள் மேபல்.

இருட்டும் வரை சுற்றினேன். அவள் நிறுத்தச் சொல்லவில்லை.